தரவளை மைதானத்தை வெட்டியவர்கள்

கொத்மலையிலிருந்து தலவாக்கலை வழியாக ஹட்டனுக்குப் போய், டிக்கோயாப் பாதையில் திரும்பினால் தரவளை. நிமிர்ந்து நிற்கவே இடம் தராத சரிவுகளுக்கு நடுவில் தட்டையாக ஒரு புல்வெளியும், அதையொட்டித் துரைமாரின் பழைய கிளப்பும். டிக்கோயா மஸ்கெலியா கிரிக்கெட் கிளப் 1868இல் தொடங்கியது. அப்போது இங்கே கோப்பிக் காலம். ஹட்டனுக்கு ரயில் வந்தது 1884இல்தான். 1869இல் இலங்கையில் இலைத்துரு நோய் கண்டு, சில வருடங்களில் கோப்பி அழிந்தது, கிளப் அழியவில்லை. தேயிலை வந்தது, ரக்பியும் வந்தது.

அதே காலத்தில் இங்கிலாந்தில் நடந்ததை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1878இல் மான்செஸ்டரின் நியூட்டன் ஹீத்தில் ரயில் பெட்டிப் பட்டறைத் தொழிலாளர்கள் ஒரு கால்பந்துக் குழுவைத் தொடங்கினார்கள். பச்சையும் பொன்னிறமுமான சட்டை. மைதானம் ரயில் பாதையோரம். உடை மாற்ற அரை மைல் தள்ளியிருந்த மதுக்கடைக்குப் போக வேண்டும். 1902இல் அந்தக் குழுதான் மான்செஸ்டர் யுனைடட் ஆனது. ஆர்சனலும் அப்படியே: 1886இல் வூலிச் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கியது. அவர்களுக்கு விளையாட நேரம் எப்படிக் கிடைத்தது? 1850ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகளில் பெண்களையும் இளையோரையும் சனிக்கிழமை இரண்டு மணிக்கு வீட்டுக்கு அனுப்பியது. அந்த அரைநாள் விடுப்பு மெல்ல மெல்ல மற்றத் தொழில்களுக்கும் பரவியது. சனிக்கிழமைப் பின்னேர ஆட்டம் அங்கிருந்து பிறந்தது.

அந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் இங்கே தொழிலாளிக்குக் கொடுத்தது வேறு. விடியற்காலைப் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு, கங்காணியின் அதட்டல், வேலை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. கிளப் துரைமாருக்கு மட்டும். நம்மவர் அதற்குள் போனது சமைக்கவும் பரிமாறவும்தான். ஆனால் மலையைச் சமன்செய்து மைதானமாக்கிய மண்வெட்டி யார் கையில் இருந்திருக்கும்? காட்டை வெட்டிக் கோப்பி நட்டு, ரோட்டுப் போட்ட அதே கைகளில்தான். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

1878இல் எழுந்த டிக்கோயா வார்லி தேவாலயத்தின் கல்லறைகளில் தோட்டத் துரைமாரின் பெயர்களை இன்றும் வாசிக்கலாம். கூலியாக வந்து மடிந்தவர்களுக்கு அப்படியொரு கல் இல்லை.

இன்று லயத்துப் பையன்கள் ஹட்டன் டன்பார் மைதானத்தில் பந்து உதைக்கிறார்கள். தரவளையின் வரலாற்றை அவர்களில் ஒருவர் எழுத வேண்டும். கிளப்பின் கிண்ணங்களைப் பிறகு பார்க்கலாம். முதலில் தேட வேண்டியது தோட்டங்களின் பழைய செக்ரோல்களை, தொழிலாளரின் பெயர்ப் பதிவேடுகளை.