ரேகைப் பதிவேடு நீதிமன்றம் போகும்போது

சார்பதிவாளர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்பவர் பத்திரப் பதிவையும் வில்லங்கச் சான்றையும் எப்படியும் கற்றுக்கொண்டுவிடுவார். 'இன்ன ஆவணத்தை இன்ன தேதியில் கொண்டுவந்து தாக்கல் செய்க' என்று நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தால் என்ன செய்வதென்பதைப் பக்கத்தில் ஒருவர் இருந்து சொல்லித்தர வேண்டும். எனக்குச் சொல்லித்தந்தவர் ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்த மூத்த உதவியாளர். அலுவலகமே அவரை அக்கா என்றுதான் கூப்பிடும்.

சம்மனைப் படிப்பதுதான் முதல் பாடம். எந்த நீதிமன்றம், வழக்கு எண் என்ன, வாய்தா என்றைக்கு என்பதெல்லாம் எவருக்கும் கண்ணில் படும். அக்கா விரல் வைத்துக் காட்டியது வேறு இடத்தை. சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்களா, ஆவணத்தை மட்டும் கேட்கிறார்களா? ஆவணம் மட்டும் என்றால் சார்பதிவாளரே நேரில் போக வேண்டியதில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 16-ஆம் கட்டளை, 6-ஆம் விதிப்படி, கேட்ட ஆவணம் நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தால் சம்மனுக்குக் கீழ்ப்படிந்ததாகிவிடும்.

நான் முழுதாகக் கையாண்ட முதல் சம்மன் ஒரு பாக வழக்கில் வந்தது. இறந்துபோன ஒரு தாய், 1994-இல் வீட்டை மகன் பெயருக்குச் செட்டில்மென்ட் எழுதிக்கொடுத்ததாக மகன் சொல்கிறார். அம்மா அப்படி எதுவும் எழுதித் தரவே இல்லை என்கிறார்கள் மகள்கள். அசல் பத்திரம் தொலைந்துவிட்டதாம். அந்த அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆகவே பதிவின்போது எங்கள் ரேகைப் பதிவேட்டில் வைத்த கைரேகை அவருடையதுதானா என்பதில் வழக்கு வந்து நின்றது.

சம்மனில் கண்ட எண்ணுக்கு 1994-ஆம் வருடப் புத்தகத்தில் யாரோ ஒருவருடைய அடமானம் இருந்தது. பெயர் அட்டவணையைத் தேடியபோது, நாங்கள் தேடிய பத்திரம் 1995-இல் அதே எண்ணில் பதிவாகியிருந்தது. பத்திரம் எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்யலாம் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். வருடக் கடைசியில் எழுதிய பத்திரம் அடுத்த வருட எண்ணை வாங்குவது சாதாரணம். வழக்குப் போடுகிறவர்கள் எழுதிய வருடத்தையே குறித்துவிடுகிறார்கள்.

"இதுதான் அந்தப் பத்திரம்னு நமக்குத் தெரியுது தம்பி. ஆனா அதை நாமளா முடிவு பண்ணக் கூடாது. கோர்ட்டுக்கு எழுதுங்க" என்றார் அக்கா. சம்மனில் கண்ட எண்ணில் இருப்பது இது, அதே பெயரில் 1995-இல் இருப்பது இது, நீதிமன்றம் எதைப் பணிக்கிறதோ அதைத் தாக்கல் செய்கிறோம் என்று எழுதினேன். திருத்திய சம்மன் வந்தது. இந்த வேலையின் நுட்பம் எனக்குப் புரிந்தது அந்தக் கடிதத்தில்தான். கேட்டதைக் குறையாமல் கொடுக்க வேண்டும். கேட்காததை நம் ஊகத்தால் சேர்க்கக் கூடாது. பதிவேடு வாதிக்கும் சொந்தமில்லை, பிரதிவாதிக்கும் சொந்தமில்லை.

பத்திரத்தின் வாசகம் மட்டும் வேண்டுமென்றால் சான்றிட்ட நகலே போதும். பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு அதற்குச் சாட்சிய மதிப்பைத் தருகிறது. ரேகைக்கு அது உதவாது. நகல் இயந்திரத்தில் வரிகள் கரும்புள்ளியாகிவிடும். ஆகவே அசல் பதிவேடே போக வேண்டும். அதுவும் ஒன்றல்ல, இரண்டு. 1995-ஆம் வருடப் பதிவேட்டில் இருப்பது சர்ச்சைக்குரிய ரேகை. அதே அம்மா 1988-இல் ஒரு வயலை விற்றதை இரு தரப்பும் ஒப்புக்கொள்கிறது. ஒப்பிட அந்த ரேகை வேண்டும்.

ஆவணப் பதிவில் கைரேகை வாங்கும் வழக்கம் நம் நாட்டில் பழையது. 1877-இல் வங்காளத்தின் ஹூக்ளியில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி அதைத் தொடங்கிவைத்தார். எழுதத் தெரியாத எத்தனையோ பெண்கள் தாங்களாக விட்டுப்போன அடையாளம் இந்தப் பக்கங்களில் மட்டும் இருக்கிறது. பத்திரத்தைக் கட்சிக்காரர் வீட்டுக்கு எடுத்துப்போய்விடுவார். அது தொலையலாம், தொலைந்ததாகச் சொல்லப்படலாம். எங்கள் அலமாரியில் இருக்கும் ரேகைதான் அந்த அம்மாவுக்காகப் பேச மிச்சமிருப்பது. அதைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதைவிடப் பெரிய பொறுப்பு இந்த அலுவலகத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

கிளம்புவதற்கு முன் பக்கங்களை எண்ணிக் குறித்தோம். ஓரம் கிழிந்த இடங்களையும் எழுதிக்கொண்டோம். அதே பக்கத்தில் வழக்கோடு சம்பந்தமில்லாதவர்களின் பெயரும் ரேகையும் இருக்கின்றன என்று முகப்புக் கடிதத்தில் தெரிவித்து, உரிய பக்கத்தில் சீட்டு வைத்து, துணியில் சுற்றி அரக்கு முத்திரை வைத்தோம். உயில்கள் பதியும் 3-ஆம் புத்தகமோ, எல்லாருக்கும் நகல் தராத 4-ஆம் புத்தகமோ கேட்கப்பட்டாலும் 'தரமாட்டோம்' என்று அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. உறையிட்டுக் கொண்டுபோய், ஆட்சேபணை இருந்தால் நீதிபதி முன் வைக்க வேண்டும். அதை ஏற்பதும் மறுப்பதும் நீதிபதியின் வேலை.

நீதிமன்ற வராந்தாவில் இரு தரப்பு ஆட்களும் நெருங்கி வந்தார்கள். "ரேகை தெளிவா இருக்கா சார்?" என்று ஒருவர் கேட்டார். "உள்ளே பாருங்க" என்பதற்கு மேல் ஒரு சொல் பேசக் கூடாது என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தார். வழக்கைக் கூப்பிட்டதும் பொட்டலத்தை ஒப்படைத்தேன். முத்திரை பிரித்ததும் மகன் தரப்பு வழக்கறிஞர், "1995-ல அந்த அம்மா நேர்ல வந்துதானே ரேகை வச்சாங்க?" என்று என்னிடம் கேட்டார். நான் நீதிபதியைப் பார்த்து, ஆவணம் தாக்கல் செய்ய மட்டும் வந்திருக்கிறேன் ஐயா என்றேன். ஆவணத்தைக் கொண்டுவந்ததால் மட்டும் ஒருவர் சாட்சியாகிவிடுவதில்லை; முறைப்படி சாட்சியாக அழைக்காமல் அவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. 1872-ஆம் வருடச் சாட்சியச் சட்டத்தில் அது 139-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 144-ஆம் பிரிவு. நீதிபதி அந்தக் கேள்வியை அனுமதிக்கவில்லை.

ரேகைகளை நிபுணரின் ஒப்பீட்டுக்கு அனுப்ப உத்தரவானது. பதிவேடுகள் நீதிமன்றப் பொறுப்பில் தங்கின. ஒப்புகைச் சீட்டில் பதிவேடுகளின் எண்ணும் பக்கக் கணக்கும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கி வந்தேன். திரும்பி வராத பதிவேட்டைத் தேடுவது எவ்வளவு பாடு என்று அக்காவுக்குத் தெரியும். அதனால் நினைவூட்டுக் கடிதம் எழுத வேண்டிய தேதிகளை நாட்குறிப்பில் என் கையாலேயே எழுதவைத்தார்.

பதிவேடுகள் வெளியே இருக்கும்போதே வேறொரு நீதிமன்றத்திலிருந்து அந்த 1988 பதிவேட்டைக் கேட்டு இன்னொரு சம்மன் வந்தது. அக்கா அப்போது ஓய்வு பெற்றிருந்தார். பதிவேடு இன்ன நீதிமன்றத்தில், இன்ன வழக்கில், இன்ன தேதி முதல் இருக்கிறது, ஒப்புகையின் நகல் இத்துடன் உள்ளது, அங்கிருந்து நேரே வரவழைத்துக்கொள்ளலாம் என்று பதில் எழுதி, சார்பதிவாளரிடம் கையெழுத்து வாங்கி அன்றைய தபாலிலேயே அனுப்பினேன்.