புதிய பேட்டரியும் பழைய எர்த் கம்பியும்



காயல்பட்டினத்தில் எங்கள் வீட்டு வாசலில் 2006ஆம் ஆண்டின் மாருதி 800 ஒன்று நிற்கிறது. மர்ஹூம் வாப்பா அவர்கள் வாங்கிய கார். வாப்பா வஃபாத்தான பின் அதை விற்றுவிடலாம் என்று அண்ணன் தம்பிகளாகிய நாங்கள் இருவரும் பேசியதுண்டு, உம்மா சம்மதிக்கவில்லை. பிறகு உம்மாவின் சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் இரண்டு நாள் தூத்துக்குடிக்கு டயாலிசிஸுக்குச் செல்ல நேர்ந்தபோது அந்தக் கார்தான் கைகொடுத்தது. காலை 7 மணிக்கு உம்மா அங்கே படுக்கையில் இருக்க வேண்டும். தாமதமானால் அவர்களுக்குக் கிடைக்கும் நேரம் குறையும். அடுத்தவருடைய முறையை நாம் எடுத்துக்கொள்ள முடியாது அல்லவா?

அன்று சுபுஹு தொழுதுவிட்டு வந்து, உம்மாவைப் பின்னிருக்கையில் அமர்த்திச் சாவியைத் திருப்பினோம். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடியும் திருப்பினால் மறுபடியும் 'டக்'. முன்விளக்கு பளிச்சென்று எரிந்தது, ஹாரன் அடித்தது, செல்ஃப் மட்டும் சுற்றவில்லை. தெருவில் இருவர் தள்ளிப் பார்த்தார்கள், பயனில்லை. கடைசியில் ஓர் ஆட்டோ பிடித்துச் சென்றோம். 40 நிமிடம் தாமதம். உம்மா எதுவும் சொல்லவில்லை. வழி நெடுக அவர்களுடைய உதடுகள் திக்ரில் அசைந்துகொண்டிருந்தன.

கோபத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. அது தயாராக இருந்தது. ஆறு நாள்களுக்கு முன்புதான் ஊரில் உள்ள ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் எங்கள் காருக்குப் புதிய பேட்டரி போட்டிருந்தார். "பழசைத் துடைத்துப் புதுசு என்று தலையில் கட்டிவிட்டார்" என்று நாங்களே தீர்ப்பு எழுதினோம். எழுதியதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அன்று அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் ஹவுளின் அருகே இரண்டு பேரிடம் அதைச் சொல்லியும் விட்டோம். அவர்களில் ஒருவர் வாடகைக்கு வேன்கள் ஓட்டுபவர்.

இரவில்தான் நிதானம் வந்தது. எங்களில் இளையவர் பாலிடெக்னிக்கில் மின்னியல் படித்தவர்; வீட்டில் மல்டிமீட்டரும் உண்டு. கையில் கருவியை வைத்துக்கொண்டு ஏன் முதலில் அளந்து பார்க்கவில்லை என்று இப்போது கேட்டால் எங்களிடம் பதில் இல்லை.

பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தோம். 12.6 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி காட்ட வேண்டிய அளவு அது. சும்மா இருக்கும்போது எந்தப் பேட்டரியும் நல்ல பிள்ளைதான், பாரம் ஏறும்போது பார்ப்போம் என்று ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் மீட்டரைப் பார்த்தார். பலவீனமான பேட்டரியாக இருந்தால் அந்தக் கணத்தில் 9.6 வோல்ட்டுக்கும் கீழே சரிந்துவிடும். நல்ல பேட்டரிகூட 10, 11 வரை இறங்கும். எங்கள் மீட்டரோ 12.3-ஐக் காட்டியது. இதன் பொருள் விளங்கச் சற்று நேரம் பிடித்தது: பேட்டரி கொடுக்கத் தயாராக இருக்கிறது, அதனிடமிருந்து மின்சாரம் போக வழிதான் இல்லை.

செல்ஃப் மோட்டார் என்ஜினைச் சுற்ற 100 ஆம்பியருக்கும் மேல் கேட்கும். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து தடித்த கம்பி வழியாக மோட்டாருக்குப் போகும் மின்சாரம், என்ஜின் உடம்பு வழியாகவே மைனஸ் முனைக்குத் திரும்ப வேண்டும். அந்தத் திரும்பும் வழியைத்தான் எர்த் என்கிறோம். போகும் வழியை எல்லாரும் பார்ப்பார்கள், திரும்பும் வழியைப் பார்ப்பவர் குறைவு. அங்கே 0.05 ஓம் தடை உண்டானாலும் போதும், 100 ஆம்பியரில் 5 வோல்ட்டை அதுவே விழுங்கிவிடும். ஓம் அளவில் வைத்துச் சோதித்தால் சாதாரண மீட்டருக்கு இவ்வளவு சிறிய தடை கண்ணில் படாது. கம்பி நன்றாக இருப்பதாகவே காட்டும். பாரம் ஏற்றி, எங்கே எத்தனை வோல்ட் காணாமல் போகிறது என்று பார்ப்பதுதான் வழி.

பிளஸ் பக்கத்தில் குறையில்லை. பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை என்ஜினின் வெறும் உலோகத்திலும் வைத்துச் சாவியைத் திருப்பினோம். அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாத இடத்தில் 9 வோல்ட்! இன்னொரு அடையாளமும் தெரிந்தது. நாலைந்து முறை முயன்ற பின் ஆக்ஸிலரேட்டர் கேபிளைத் தொட்டால் சுட்டது. உரிய வழி அடைபட்டதால் மின்சாரம் பாடி வழியாகச் சுற்றி, அந்த மெல்லிய கேபிளைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது. விளக்கும் ஹாரனும் வேலை செய்ததற்கும் காரணம் இதுவே. அவற்றுக்குப் பாடியில் தனி எர்த். தேவையும் சில ஆம்பியர்கள்தாம்.

ஒரு ஜம்பர் கேபிளை மைனஸிலிருந்து நேரே என்ஜினில் மாட்டினோம். சாவியைத் திருப்பிய முதல் முயற்சியிலேயே கார் கிளம்பியது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் சொன்னது, முகத்தில் மகிழ்ச்சி வரவில்லை. குற்றவாளி பேட்டரி அல்ல என்று அந்த என்ஜின் சத்தம் தெருவுக்கே சொல்லிக்கொண்டிருந்தது.

எர்த் கம்பியைக் கழற்றிப் பார்த்தபோது, போல்ட்டுக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. கடற்காற்று ஒரு காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சென்ற கோடையில் என்ஜின் பளபளக்க வேண்டும் என்று உப்புக்கரிக்கும் போர் தண்ணீரைப் பாய்ச்சி இரண்டு மூன்று முறை கழுவியவர்கள் நாங்களே.

இதைவிடக் கசப்பான ஒன்றும் நினைவுக்கு வந்தது. பேட்டரி மாற்றிய அன்று அந்த எலக்ட்ரீஷியன், "காக்கா, எர்த்தையும் ஒரு தடவை கழற்றிச் சுத்தம் பண்ணிடலாம், அரை மணி நேரம்தான்" என்றார். "மக்ரிபுக்கு நேரமாச்சு, பேட்டரியை மட்டும் போடுங்க தம்பி" என்றவர்கள் நாங்கள். பழையதைவிட வலுவான பேட்டரி, அந்தப் பூத்த இணைப்போடு ஆறு நாள் மல்லுக்கட்டிக் காரை ஓட்டியிருக்கிறது.

மறுநாள் காலை அவருடைய பட்டறைக்குச் சென்றோம். நடந்ததைச் சொல்லி, அவரைப் பற்றிப் பள்ளிவாசலில் பேசியதையும் மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். சந்தேகத்தையும் புறம் பேசுவதையும் தடுக்கும் சூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனத்தைச் சிறுவயதிலேயே மதரஸாவில் பாடம் செய்தவர்கள் நாங்கள் என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "உம்மாவுக்கு அன்னைக்கு ஊசி போட முடிஞ்சுதா?" என்று கேட்டார். முடிந்தது, ஆனால் நேரம் குறைந்தது என்றோம். அவர் எழுந்து புதிய எர்த் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டார். எங்கள் வாசலுக்கே வந்து, போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் வெள்ளி நிறம் தெரியும்வரை தேய்த்து, முறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். இப்போது மீட்டர் 0.2 காட்டியது. கம்பிக்கு உரிய விலையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஹவுளருகே எங்கள் பேச்சைக் கேட்ட இருவரையும் தேடிச் சென்றோம். ஒருவர் சிரித்து, "நான் அப்பவே மறந்துட்டேன்" என்றார். வேன்காரர் சிரிக்கவில்லை. தம்முடைய இரண்டு வேன்களையும் முந்தின நாளே வேறு பட்டறைக்கு அனுப்பியிருந்தார். உண்மையைக் கேட்டதும் அடுத்த முறை பழைய இடத்துக்கே அனுப்புவதாகச் சொன்னார். அதோடு, நாங்கள் சொன்னதை ஒரு கல்யாண வீட்டில் வைத்துத் தாமும் சிலரிடம் சொல்லிவிட்டதாகத் தயங்கியபடி தெரிவித்தார். யார் யாரிடம் என்று கேட்டதற்கு மூன்று பெயர்களைச் சொன்னார். நான்காவது ஆள் வெளியூர்க்காரராம், பெயர் தெரியவில்லை.

மூவரைப் பார்த்துவிட்டோம். நான்காமவரைப் பற்றிக் கல்யாண வீட்டாரிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.