அப்பாவோட கிளட்ச் கால்

பி.காம் படிக்கிறவனுக்கு இன்ஜின்ல என்ன வேலைன்னு கேக்காதீங்க. கோயமுத்தூர்ல பொறந்து, செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேல ரெண்டு ரேஸ் பாத்துட்டா யாருக்கும் கை அரிக்கத்தான் செய்யும். எனக்குச் சிக்கினது அப்பாவோட மாருதி 800. 796 சிசி, மூணு சிலிண்டர், கார்புரேட்டர் வண்டி.

டைமிங் பெல்ட் மாத்தச் சொல்லி அப்பா காசு குடுத்தார். நான் உக்கடத்துல ஒரு பழைய கேம்ஷாஃப்ட் வாங்கி, பட்டறையில ரேஸ் வடிவத்துக்கு கிரைண்ட் பண்ணி வச்சிருந்தேன். பெல்ட்டோட அதையும் போட்டுட்டா யாருக்குத் தெரியப்போகுது?

கேம்ஷாஃப்ட்னா, கிராங்க் ரெண்டு சுத்து வந்தா இது ஒரு சுத்து வரும். அதுல இருக்குற முட்டை வடிவ மேடுங்கதான் வால்வை எப்போ, எவ்வளவு நேரம் தொறக்கணும்னு முடிவு பண்ணுது. ரேஸ் கேம்ல வால்வு ரொம்ப நேரம் தொறந்திருக்கும். இன்ஜின் வேகமா ஓடும்போது உள்ள வர்ற காத்துக்கு ஒரு ஓட்டம் இருக்கும், பிஸ்டன் மேல ஏற ஆரம்பிச்சாலும் வந்துட்டே இருக்கும். அதனால பவர் கூடும். மெதுவா ஓடும்போது அந்த ஓட்டம் இல்ல. உள்ள வந்ததையே பிஸ்டன் திருப்பி வெளிய தள்ளிடும். டெபிட் இல்லாம கிரெடிட் இல்லைங்கறத எங்க சார் மூணு வருஷமா சொல்லிட்டுத்தான் இருக்கார்.

மாட்டுற அன்னிக்கு மெக்கானிக் அண்ணன் கூட இருந்தார். மேடுங்க மேல கெட்டியா ஆயில் தடவி, ஃபீலர் கேஜ் வச்சு வால்வு இடைவெளி பாத்து, பெல்ட் போட்டோம். உடனே ஸ்டார்ட் பண்ணக் கூடாது, ஸ்பேனரால கையிலயே ரெண்டு சுத்து சுத்திப் பாக்கணும்னார். பாத்தா மார்க் ஒரு பல்லு தள்ளி நிக்குது. ஒரு பல்லுதானேன்னேன். முறைச்சார். கேம் சக்கரத்துல 40 பல்லுன்னா ஒரு பல்லு 9 டிகிரி, கிராங்க் கணக்குல 18 டிகிரி. கழட்டி மறுபடி மாட்டினோம். புது கேம் பழகறதுக்கு 2000 ஆர்.பி.எம்.ல இருபது நிமிஷம் ஓட விடணும். நம்ம வண்டியில ஆர்.பி.எம். மீட்டரே கிடையாது, காதுதான் மீட்டர். எதிர்வீட்டு அக்கா வெளிய வந்து திட்டினது தனிக்கதை.

நீலாம்பூர் பைபாஸ்ல மூணாவது கியர்ல இழுத்தேன் பாருங்க, சத்தியமா வேற வண்டி!

அப்பா தினமும் போறது பைபாஸ் இல்ல, காந்திபுரம். ஐடில்ல வண்டி உதறுது, சிக்னல்ல கிளட்ச் விட்டா ஆஃப். ஐடில் ஸ்க்ரூவைத் திருகி ஏத்தி வச்சேன், உதறல் கொஞ்சம் கொறஞ்சுது. ஆனா கீழ் வேகத்துல இழுவை திரும்பி வரல.

பத்து நாள் கழிச்சு ராத்திரி சாப்பிடும்போது அப்பா மெதுவா சொன்னார். "கண்ணு, இனிமே வண்டிய நீயே ஓட்டு. எனக்கு வயசாயிருச்சாட்ட இருக்குது. கிளட்ச்ல காலு முன்ன மாதிரி நிக்க மாட்டேங்குது. இன்னிக்கு மட்டும் நாலு தடவ ஆஃப் பண்ணிட்டேன், பின்னாடி பஸ்காரன் கண்டபடி பேசிட்டான்."

வண்டி மேல தப்புன்னு அவர் சொல்லவே இல்ல. சோறு எறங்கல. எல்லாத்தையும் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் தட்டையே பாத்துட்டு இருந்தவர், "அப்ப என் காலு நல்லாத்தான் இருக்குதா?"ன்னு கேட்டார்.

ஞாயித்துக்கிழமை, கட்டிலுக்கு அடியில பேப்பர் சுத்தி வச்சிருந்த பழைய கேமை எடுத்து மாட்டினோம். டார்ச் பிடிச்சது அப்பா. கழட்டின ரேஸ் கேமைக் கையில வாங்கி உருட்டிப் பாத்துட்டு, இதுக்கு எவ்வளவுடா ஆச்சுன்னார்.

பாதிதான் சொன்னேன்.