மாலிந்திக் கடலில் மயில்மீன்

கென்யாவின் மாலிந்தி, 1498இல் வாஸ்கோ ட காமா வந்து சேர்ந்த பழைய சுவாஹிலி முஸ்லிம் துறைமுகம். வருடக் கடைசியில் அங்கே கோடை. 'கஸ்காஸி' எனும் வடகீழ்க் காற்று தொடங்கிவிடும். வெளிநாட்டுப் பயணிகள் இயந்திரப் படகை வாடகைக்கு அமர்த்தி ஆழ்கடலில் தூண்டில் இழுப்பர். பாய் விரித்தாற்போன்ற முதுகுச் செட்டையுடன் மயில்மீன் துள்ளி எழும். நெடுநேர இழுபறிக்குப் பின், பெரும்பாலும் அடையாளத் துண்டு குத்தி விட்டுவிடுவர். இனம் அழியாதிருக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் சகோதரிகளே, உண்பதற்கன்றி வெறும் விளையாட்டுக்காக ஓர் உயிரை வருத்துவது எனக்கு ஒப்பவில்லை. படகோட்டும் முஸ்லிம் மீனவரின் வீட்டு அடுப்போ அந்தக் கூலியில்தான் எரிகிறது! அறுக்குளா அகப்பட்டால் யாரும் கடலில் விடுவதில்லை. கரியடுப்பில் சுட்டு, தேங்காய்ப்பால் குழம்பைத் தடவித் தடவி வாட்டி எடுப்பார்கள் அவ்வூர்ப் பெண்கள்.