விமானத்திற்கு ஓர் எஞ்சின் தேடினோம்

சங்க மலர் என்றால் குறளும் சிலம்பும் கம்பனும் கொலுவிருக்க வேண்டிய இடம். அவ்விடத்தில் எஞ்சினைப் பற்றி எழுத வந்துவிட்டார்களே என்று அன்பர்கள் புருவத்தை உயர்த்தக்கூடும். ஆயினும் நம் இலக்கியத்திலும் ஒரு விமானம் உண்டு. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் தேவி விசயைக்காகச் செய்வித்த மயிற்பொறிதான் அது. வலப்புறம் திருகினால் மேலே எழும். இடப்புறம் திருகினால் கீழே இறங்கும். நிறைசூலியாகத் தனியே பறந்த அந்த அரசியை அது இறக்கிய இடம் சுடுகாடு. எனினும் தாயும் சேயும் பிழைத்தனர். ஏறுவதற்கு ஒரு திருகு வைத்ததோடு நில்லாமல், இறங்குவதற்கும் ஒரு திருகு வைத்த கற்பனையை எஞ்சின் தேடிய மாதங்களில் நாங்கள் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

நாங்கள் என்பது மூவர். நாகபுரியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் இருபது ஆண்டுகளாகக் கோப்புகளைப் புரட்டிவரும் எழுத்தர் ஒருவர். இந்தப் பேனா அவர் கையில் இருக்கிறது. பொறியியல் படிக்கும் அவர் மகன் இரண்டாமவன். மூன்றாமவர், விமானப்படையில் எஞ்சின் ஃபிட்டராகச் சேர்ந்து, வாரண்ட் ஆபீசராக ஓய்வு பெற்று, ஊர் திரும்ப மனமின்றி இங்கேயே தங்கிவிட்ட திருநெல்வேலிப் பெரியவர். விமானப்படையின் பராமரிப்புத் தலைமையகம் நாகபுரியில், வாயுசேனா நகரில் இருப்பதால் இத்தகைய தமிழர்கள் சிலரை இவ்வூரில் காணலாம். மகனுக்கு அவர் தாத்தா; எங்களுக்கு ஐயா; அவருக்கோ தந்தையும் மகனும் ஒருங்கே தம்பிகள். நான்காவதாகவும் ஒருவர் உண்டு. வீட்டுக்கு உடையவர். விமானத்தில் அவருக்கு ஆர்வம் இல்லை. ஆனால் பணம் அவரிடம் இருந்தது.

வானொலி அலையால் தரையிலிருந்து இயக்கப்படும் மாதிரி விமானம் எங்களுடையது. ஜெர்மானியரான வால்டர் எக்ஸ்ட்ரா வடிவமைத்து, 1988 இல் முதன்முதலாகப் பறந்த எக்ஸ்ட்ரா 300 என்னும் சாகச விமானத்தின் கால் அளவு வடிவம். உண்மை விமானத்தின் சிறகு நுனிக்கு நுனி 8 மீட்டர். எங்களுடையது 2 மீட்டர். பால்சா மரத்தாலும் ஒட்டுப்பலகையாலும் இரண்டு ஆண்டுகள் செதுக்கி, ஒட்டி, மெல்லிய படலம் போர்த்தி முடித்தோம். அரசுக் குடியிருப்பின் பின்தாழ்வாரத்தில் அது குடிபுகுந்த நாள் முதல் துவைத்த துணிக்கு அங்கே இடம் இல்லை. எஞ்சின் நீங்கலாக எல்லாக் கருவிகளோடும் எடை 4.2 கிலோ. மூக்கில் மட்டும் ஒரு வெற்றுச் சதுரம். அதைப் பார்க்க வந்தோர் எல்லாரும் அந்தச் சதுரத்தைத் தொட்டுப் பார்த்தே போனார்கள்.

எஞ்சினுக்கான விலையோ எழுத்தரின் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கக்கூடியது. இங்குள்ளோர் 'பிஷி' என்று சொல்லும் சீட்டில் வீட்டுக்கு உடையவர் சேர்த்திருந்த தொகை அந்த அளவே இருந்தது. ஆகவே ஒருமுறைதான் வாங்கலாம். வாங்கிப் பார்த்து மாற்றுவது என்ற பேச்சுக்கே இடம் இல்லை.

சாதாரண விமானத்திற்குச் சிறகு தாங்கும். எஞ்சின் இழுத்தால் போதும். சாகச விமானத்தின் கதை வேறு. மூக்கை வானை நோக்கி நிமிர்த்தி, விசிறியின் இழுப்பாலேயே அந்தரத்தில் அசையாமல் தொங்கவிட வேண்டும். அப்போது சிறகு வெறும் அலங்காரம். ஆதலால் இழுவிசை விமானத்தின் எடையைவிட மிகுந்திருக்க வேண்டும். தொங்கிய நிலையிலிருந்து மேலேறித் தப்பவும் வேண்டுமாகையால், எடையைப் போல் ஒன்றரை மடங்காவது வேண்டும் என்பது இத்துறையில் பழகியோர் கொள்ளும் கணக்கு.

இந்தக் கணக்கைக் கேட்டதும் இளைஞர்கள் எல்லாரும் ஒரே முடிவுக்கு வருவார்கள்: பெரிய எஞ்சினாக வாங்கிவிடலாம். மகனும் அப்படித்தான் 55 சி.சி. எஞ்சினைக் கேட்டான். பெரியவர் மறுப்புச் சொல்லவில்லை. ஒரு துண்டுத்தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். 35 சி.சி. எஞ்சினைவிட அது அரைக் கிலோ அளவு கூடுதல். விமானத்தின் சமநிலைப் புள்ளியிலிருந்து மூக்கு 30 சென்டிமீட்டர். வால் 120 சென்டிமீட்டர். மூக்கில் ஏறிய 500 கிராமைச் சரிக்கட்ட வாலில் 125 கிராம் ஈயம் கட்ட வேண்டும். பெரிய விசிறி, பெரிய எண்ணெய்த்தொட்டி, அதிர்வைத் தாங்க இன்னும் தடித்த மூக்குச்சுவர் என்று எடை எடையை வளர்க்கும். கனத்த விமானம் மெதுவாகப் பறக்காது. வேகமாகத்தான் தரையைத் தொடும். வாங்கிய பலத்தில் ஒரு பகுதி அந்தப் பலத்தைச் சுமப்பதற்கே செலவாகிவிடும். எங்கள் அலுவலகத்தில் சில பிரிவுகள் இப்படித்தான் நடக்கின்றன. அது வேறு கதை.

அடுத்து எரிபொருள். மாதிரி விமானக்காரர்களின் நெடுநாளைய தோழன் மெத்தனாலில் ஓடும் குளோ எஞ்சின். 1947 இல் அமெரிக்காவில் ரே ஆர்டன் என்பவர் குளோ பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்த பின், தீப்பொறிக்கான மின்கலம், சுருள் எல்லாம் தேவையற்றுப் போயின. பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று மெத்தனால் ஆவியோடு வினைபுரிந்து தானே கனன்று நிற்கும்; அதுவே தீ. 1976 இல் ஜப்பானின் ஓ.எஸ். நிறுவனம் வெளியிட்ட நான்கடி எஞ்சினும், பின்னர் வந்த சைட்டோ எஞ்சின்களும் அந்தக் குடும்பத்தின் செல்வங்கள். அவற்றின் குரல் உண்மை விமானத்தின் குரலைப் போலவே கம்பீரமாக இருக்கும். ஒலி ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் நாங்களும் நான்கடி குளோ எஞ்சினையே வாங்கியிருப்போம்.

ஆனால் மெத்தனாலின் எரிசக்தி பெட்ரோலில் பாதிக்கும் குறைவு. அதே வேலைக்கு இரு மடங்குக்கு மேல் குடிக்கும். அதனோடு ஆமணக்கெண்ணெயோ செயற்கை எண்ணெயோ ஐந்தில் ஒரு பங்களவு கலக்க வேண்டும். மெதுவோட்டம் சீராக இருக்கச் சிறிது நைட்ரோமீத்தேனும் சேர்ப்பது வழக்கம். கடைசிப் பொருள் நம் ஊர்க்கடைகளில் கேட்டவுடன் கிடைப்பதன்று. சிறு எஞ்சினுக்கு இவையெல்லாம் பாரமாகத் தெரியா. 30 சி.சி.க்கு மேற்பட்ட எஞ்சினுக்கு, மாதச் சம்பளக்காரர் வீட்டில், ஒவ்வொரு ஞாயிறும் பாரமே.

மின் மோட்டாரையும் நாங்கள் ஒதுக்கிவிடவில்லை. புகை இல்லை, அதிர்வு இல்லை, கைப்பிடியை அசைத்த கணமே விசை வரும். மாடிக் குடியிருப்பில், மின்வசதி உள்ள திடலுக்கு அருகில் வாழ்வோருக்கு அதுவே சிறந்தது என்று இன்றும் சொல்வோம். எங்கள் அளவுக்கு லித்தியம் கலங்கள் பன்னிரண்டைத் தொடுத்த மின்கலம் வேண்டும்; அது ஆறு நிமிடம் பறப்பதற்குள் தளர்ந்துவிடும். ஒரு மாலைப்பொழுதுக்கு மூன்று தொகுதிகளாவது தேவை. அவற்றின் விலை எஞ்சினை விஞ்சும். நாங்கள் பறக்கவிடும் வயலிலோ மின்கம்பமே கிடையாது. மே மாதத்தில் 45 டிகிரி வரை காயும் நாகபுரியில், மூடிய காருக்குள் லித்தியம் மின்கலத்தை வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கவும் இயலாது.

ஆக, பெட்ரோல் எஞ்சின் என்ற வரைக்கும் வந்துவிட்டோம். சீனத்தின் டி.எல்.இ. முதல் அமெரிக்காவின் டெசர்ட் ஏர்கிராஃப்ட் வரை பட்டியல்களைப் பரப்பி, குதிரைத்திறனை ஒப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மாலையில், காப்பி கொண்டுவந்த வீட்டுக்கு உடையவர் கேட்டார்:

"மூணு பேரும் மேலே போறதைப் பத்தியே பேசறீங்க. மேலே போன பிறகு எஞ்சின் நின்னுபோனா அது எப்படி வரும்? எங்கே வந்து விழும்?"

மகன் சிரித்தான். பெரியவர் சிரிக்கவில்லை. அவர் பணிக்காலத்தில் தீபக் எனப்படும் எச்.பி.டி.-32 பயிற்சி விமானத்தின் எஞ்சின்களோடு பழகியவர். பறக்கும்போதே எஞ்சின் நின்றுபோன நிகழ்வுகள் பலவற்றைக் கண்ட அவ்வகை விமானம், 2009 ஜூலையில் இருவர் உயிரிழந்த விபத்துக்குப்பின் சேவையிலிருந்து நிறுத்தப்பட்டது. அவர் காப்பியை ஆறவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "தம்பி, பட்டியலைத் திருப்பு. உச்சத்தில் எவ்வளவு என்று பார்த்தது போதும். அடியில் எவ்வளவு என்று பார்" என்றார்.

அந்த மாலையோடு எங்கள் தேடலின் திசை மாறியது. உச்ச வேகத்தில் ஓடாத எஞ்சின் உலகில் இல்லை. நிமிடத்திற்கு 1,500 சுற்று, 1,600 சுற்று என்னும் மெதுவோட்டத்தில், தரையிறங்க வரும் விமானத்தின் மூக்கில் அணையாமல் நின்று எரிவதும், அந்நிலையிலிருந்து கைப்பிடியைத் தள்ளியவுடன் இருமாமல் எழுவதுமே அரிய குணங்கள். தலைக்கு மேல் ஐந்தடி உயரத்தில் தொங்கும் விமானம் அந்த அரை விநாடி இருமலில் மண்ணாகிவிடும். ஐந்தரைக் கிலோ எடையும், வாள் போல் சுழலும் 20 அங்குல விசிறியும் கொண்ட பொருள் அது. அது விழும் இடத்தில் யார் நிற்கிறார்கள் என்பது எஞ்சினுக்குத் தெரியாது.

இந்தக் கண்ணோடு பார்த்தபோது 35 சி.சி. அளவில் ஒற்றைச் சிலிண்டர் ஈரடிப் பெட்ரோல் எஞ்சினே முன்னால் நின்றது. வாங்கினோம். இதன் கார்புரேட்டரில் மெல்லிய சவ்வு ஒன்று எஞ்சினின் துடிப்புக்கு ஏற்ப அசைந்து பெட்ரோலை இறைக்கிறது, மிதவை கிடையாது. ஆகையால் தலைகீழாகப் பறந்தாலும் ஊட்டம் தடைப்படுவதில்லை. சரிசெய்ய இரண்டு ஊசிகள் உண்டு: மெதுவோட்டத்திற்கு ஒன்று, வேகத்திற்கு ஒன்று. பலரும் வேக ஊசியோடு மல்லாடுவர். பெரியவர் மூன்று ஞாயிறுகளை மெது ஊசிக்கே கொடுத்தார். விமானத்தை ஒருவர் மூக்கு நிமிர்த்திப் பிடிக்க, மற்றவர் மெதுவோட்டத்தில் அரை நிமிடம் விட்டு, சட்டென்று விசையைத் தள்ளிப் பார்ப்பது, தயங்கினால் ஊசியை எட்டில் ஒரு சுற்றுத் திருப்புவது, மீண்டும் பிடிப்பது. ஒருமுறைகூட அவர் அவசரப்பட்டதில்லை.

பெட்ரோலிலும் ஒரு கவனம் வேண்டியிருக்கிறது. இப்போது நம் நாட்டில் பங்குகளில் ஊற்றுவது நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும்; மெல்லிய சவ்வை நாளடைவில் விறைக்கச் செய்யும். அளவுக் குழாயில் பெட்ரோலோடு சிறிது தண்ணீரைச் சேர்த்துக் குலுக்கி வைத்தால், அடியில் தங்கும் தண்ணீர் எத்தனாலை உண்டு பருத்திருப்பதைக் கண்ணால் காணலாம். ஆகவே ஒவ்வொரு மாலையும் தொட்டியை வடித்து, எஞ்சினை அது தானே நிற்கும் வரை ஓடவிட்டுக் கார்புரேட்டரை உலர்த்திவிடுகிறோம். சவ்வு விலை குறைந்த பொருள்தான். ஆண்டுக்கு ஒன்று மாற்றுவதென்றும் முடிவு செய்துகொண்டோம்.

நாகபுரியின் வெயிலுக்கும் கணக்கு உண்டு. வெப்பம் ஏறினால் காற்று மெலியும். மெலிந்த காற்றில் எஞ்சினுக்கும் மூச்சு குறையும், விசிறிக்கும் பிடி குறையும். ஜனவரிக் காலையில், பெட்டி நிறுக்கும் தராசை வாலில் கட்டி இழுவிசையை அளந்தபோது 8.7 கிலோ காட்டியது. மே மாதப் பிற்பகலில் அதே விசிறி, அதே பெட்ரோல், 7.7 கிலோதான். விமானத்தின் முழு எடை 5.6 கிலோ. குளிர்காலத்தில் ஒன்றரை மடங்கைத் தாண்டும் விசை கோடையில் அதற்குக் கீழே இறங்கிவிடுகிறது. எனவே கோடையில் தொங்கும் வித்தைக்கு விடுமுறை. வளையமும் உருளலும் மட்டுமே. பட்டியலில் அச்சிட்ட எண்கள் எந்த ஊர்க் காற்றில் எடுக்கப்பட்டவை என்று கேட்காமல் எஞ்சின் வாங்குவோருக்கு இதைச் சொல்லிவைக்கிறோம்.

பறக்கவிடும் இடம், உம்ரேட் செல்லும் சாலையில் ஊரைவிட்டு வெகுதூரம் தள்ளி, சோயா அறுவடையான கரிசல் வயல். 2021 ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளும் வரைபடமும் பச்சை என்று காட்டும் பகுதி. 400 அடிக்கு மேல் செல்வதில்லை. அலை தொடர்பு அறுந்தால் எஞ்சின் தானே அணைய வேண்டும் என்று பொருத்தியிருக்கிறோம். வீட்டுக்கு உடையவரின் கேள்வியில் 'எங்கே வந்து விழும்' என்ற பகுதிக்கு எங்களால் கொடுக்க முடிந்த விடை, ஆள் நடமாட்டம் இல்லாத அந்த வயலும் இந்த ஏற்பாடும்தாம்.

வயலுக்கு உரிய மராட்டிய விவசாயி பணம் வாங்க மறுத்துவிட்டார். அவருக்கு ஒரே குறை, எஞ்சின் சத்தத்தில் அவருடைய காளைகள் மிரள்கின்றன. சத்தத்தின் பெரும்பகுதி புகைபோக்கியில் பிறப்பதன்று. விசிறியின் நுனி காற்றைக் கிழிப்பதால் பிறப்பது. ஆதலால் முதலில் மாட்டியிருந்த 19 அங்குல விசிறியைக் கழற்றி, 20 அங்குலத்தில் குறைந்த சாய்வுள்ளதை மாட்டினோம். அகன்ற விசிறி மெதுவாகச் சுழன்றே அதே இழுப்பைத் தருகிறது. அலறல் தணிந்து உறுமலாயிற்று. மகனுக்கு வேகம் போய்விட்டதே என்ற வருத்தம் சிறிது உண்டு. காளைகள் இப்போது தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிட்டு மீண்டும் மேயத் தொடங்கிவிடுகின்றன.