எந்தப் படத்துப் பாட்டு?

ராக் இசைப் பிரியர்களிடம் 'பவர் ஆஃப் லவ்' என்று சொன்னால் 'யாருடையது?' என்ற எதிர்க்கேள்வி வரும். ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட் குழு 1984இல் அந்தப் பெயரில் ஒன்றைப் பாடியது. 1985இல் 'பேக் டு தி ஃப்யூச்சர்' படத்துக்காக ஹூயி லூயிஸ் குழு பாடியது வேறு. ஜெனிஃபர் ரஷ் பாடியது மூன்றாவது. மெட்டுக்கும் சொல்லுக்கும் தொடர்பில்லை, பெயர் மட்டும் பொது. அங்கே பாட்டுக்கு ஆக்கியவர் பெயர் சூட்டுகிறார். அந்தப் பெயர் பாட்டுக்குள் வந்தாக வேண்டுமென்ற கட்டாயம்கூட இல்லை.

நம் திரைப்பாட்டுகளுக்குப் பெரும்பாலும் அப்படிப் பெயர் சூட்டுவாரில்லை. வாய் திறந்ததும் வரும் முதற்சொற்களே பெயர். (செம்புலப்பெயல்நீரார் என்ற குறுந்தொகைப் புலவருக்குப் பாட்டிலிருந்த உவமையே பெயராகிவிட்டது. இது நமக்குப் பழைய வழக்கம்தான்.) ஆகவே 'அஞ்சலி அஞ்சலி' என்று தாளில் எழுதினால் அது இளையராஜாவின் 'அஞ்சலி'யா (1990), ரகுமானின் 'டூயட்'டா (1994) என்று விளங்காது.

பெரியநாயக்கன்பாளையத்தில் நாங்கள் இந்தச் சிக்கலைப் பயின்ற இடம் மேட்டுப்பாளையம் சாலையோரத்துக் கேசட் கடைகள். அறுபது நிமிட வெற்று நாடாவோடு பாட்டுப் பட்டியலை நீட்டினால், கடைக்காரர் பேனாவை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் "எந்தப் படமுங்க?" என்பார். படப்பெயர்தான் பாட்டுக்கு இனிஷியல்.

'சின்னஞ்சிறு கிளியே' விஷயத்தில் இந்த இனிஷியலும் போதவில்லை. கண்ணன் பாட்டில் 'கண்ணம்மா – என் குழந்தை' என்ற தலைப்பில் பாரதி எழுதியது அது. 1951இல் 'மணமகள்' படத்தில் சி.ஆர். சுப்பராமன் இசையில் எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் பாடினார்கள். 1987இல் 'நீதிக்குத் தண்டனை'யில் எம்.எஸ். விஸ்வநாதன் அதற்கு வேறு மெட்டமைக்க, யேசுதாஸுடன் ஸ்வர்ணலதா பாடினார். திரையில் அவருக்கு அதுவே முதற்பாட்டு. சொல் ஒன்று, மெட்டு இரண்டு. அப்படியானால் பாட்டு ஒன்றா, இரண்டா? எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதற்கு இன்னும் தீர்ப்பாகவில்லை. எங்களில் பெரும்பாலோர் வசந்தகுமாரி கட்சி.

இவ்விரண்டுக்கும் நடுவே, 1983இல், அதே இரண்டு சொற்களில் தொடங்கி முற்றிலும் வேறு வழியில் போகும் ஒரு தாலாட்டு 'முந்தானை முடிச்சு' படத்தில் வந்தது. இளையராஜா இசை, எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் எஸ். ஜானகியும் பாடியது. கைக்குழந்தையோடு மனைவியை இழந்து நிற்கும் வாத்தியாரின் கதை அது. எடுத்த பாக்யராஜ் கோபிசெட்டிபாளையம் பக்கத்து வெள்ளாங்கோயில்காரர். இலக்கியக் கூட்டங்களில் இந்தப் பாட்டின் பெயரை யாரும் எடுப்பதில்லை. பாரதியின் சொல்லை எடுத்தாண்ட சினிமாப்பாட்டு என்று ஒதுக்கிவிடுவோம்.

சென்ற ஆண்டு எங்களில் ஒருவரின் தாயார் படுக்கையில் விழுந்தார். பேச்சு குறைந்திருந்த ஒரு மாலையில் 'சின்னஞ்சிறு கிளியே' கேட்க வேண்டுமென்றார். நாங்கள் மூவர் அங்கிருந்தோம். நண்பர் கைப்பேசியில் வசந்தகுமாரியை ஒலிக்கவிட்டார். அம்மா கண்ணைத் திறக்கவில்லை. அடுத்து ஸ்வர்ணலதா.

"இதானுங்கம்மா?"

"அது இல்ல, கண்ணு."

மூன்றாவதாக ஜானகியின் குரல் வந்ததும் அவர் கை போர்வைமேல் மெல்லத் தட்டத் தொடங்கியது. நண்பரின் தந்தை தவறியபோது அவருக்கு இரண்டு வயது, தம்பி கைக்குழந்தை. அந்த நாட்களில் வீட்டில் எந்தப் பாட்டு பாடப்பட்டதென்பது அவருக்கு நினைவில்லை.

பாட்டு முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். நாங்கள் யாரும் பாரதியைப் பற்றிப் பேசவில்லை.