பகலில் பால் கொடுப்பவர் யார்?

மலேசியாவின் பாடாங் செராயைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள். விடியுமுன் மரம் சீவப் போன தாய்மார்கள் கைக்குழந்தைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுப் போனார்கள். இன்று ரப்பர் நின்ற நிலத்தில் பெரும்பாலும் செம்பனை. லயன் வீடுகளில் வளர்ந்தவர்களில் பலர் தாமான் எனப்படும் குடியிருப்புகளின் வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். இளம் தாய்மார்கள் கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்சாலைகளில் ஷிப்டு பார்க்கிறார்கள். கொட்டகை போனது, ஆனால் பகலில் குழந்தைக்குப் பால் கொடுப்பவர் அம்மா இல்லை என்ற நிலை போகவில்லை. பாட்டியோ, பக்கத்து வீட்டு அத்தையோ, காசு வாங்கிக்கொண்டு பிள்ளை பார்க்கும் அக்காவோ கொடுக்கிறார்கள். பால் குடிக்கத் திணறும் குழந்தைகளுக்கான பயிற்சிச் சிகிச்சையை இந்த வட்டாரத்தில் வைத்துப் பார்த்தால், அதன் பலன் முழுக்க இவர்களிடம்தான் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. தெரப்பிஸ்ட் கற்பிக்க வேண்டியது குழந்தைக்கு மட்டுமல்ல.

பால் குடிப்பது பிறவியிலேயே வந்துவிடும் என்று நினைக்கிறோம். ஆனால் உறிஞ்ச வேண்டும், விழுங்க வேண்டும், நடுவில் மூச்சும் விட வேண்டும். பால் வரத்து சீரானபின் இது ஏறத்தாழ நொடிக்கு ஒரு தடவை நடக்கிறது. இந்த ஒழுங்கு கைகூடத் தொடங்குவதே கருவின் 34ஆவது வாரத்தை ஒட்டித்தான். 30 வாரத்தில் பிறந்த குழந்தை சப்பும். ஆனால் விழுங்குவதையும் மூச்சையும் மாற்றி மாற்றிச் செய்ய அதற்கு வராது. அண்ணம் பிளந்த குழந்தை எவ்வளவு முயன்றாலும் வாய்க்குள் பாலை இழுக்கும் விசை உண்டாகாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள் பலருக்குத் தசை தளர்ந்திருக்கும். பாதி குடிப்பதற்குள் களைத்துத் தூங்கிவிடும். வீட்டில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பேச்சுத்தான்: "பிள்ளை சரியா குடிக்க மாட்டேங்குது." எந்தத் திணறல் எதனால் என்று பிரித்தறிவதில் இந்தத் தொழிலின் பாதி அடங்கிவிடுகிறது.

மீதிப் பாதி கைப்பழக்கம். குழந்தை குடிக்கும்போது தெரப்பிஸ்ட் போத்தலை விடக் குழந்தையின் முகத்தைத்தான் அதிகம் பார்க்கிறார். வாயோரம் பால் வழிகிறதா, மூக்குத் துவாரம் விரிகிறதா, புருவம் சுருங்குகிறதா, விரல்கள் விறைத்து விரிகின்றனவா. நாலைந்து மடக்கு விழுங்கியும் மூச்சு எடுக்கவில்லை என்றால், போத்தலை வாயிலிருந்து பிடுங்காமல் அதன் அடியை மட்டும் தாழ்த்துகிறார். போத்தல் ரப்பரில் நின்ற பால் பின்னுக்கு இறங்குகிறது, குழந்தை மூச்சு விடுகிறது, பிறகு போத்தல் மறுபடி உயர்கிறது. சில குழந்தைகளை மல்லாக்க வைக்காமல் தலை சற்று உயர, ஒருக்களித்துப் பிடிக்கிறார். பால் நேராகத் தொண்டைக்குள் பாயாமல் இருக்க இது உதவும். நம் வீடுகளில் தலைமுறைகளாக இருக்கும் பாலாடையும் இதில் சேரும். எடை குறைந்து பிறந்து, தாயிடம் நேரடியாகக் குடிக்க முடியாத குழந்தைகளுக்குக் கிண்ணம், பாலாடை, கரண்டி ஆகியவற்றை உலக சுகாதார நிறுவனம் 2011இல் பரிந்துரைத்தது. ஆனால் பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் வைத்து, குழந்தை தானே நக்கி இழுக்கும்வரை காத்திருக்க வேண்டும். காலை நீட்டி, பிள்ளையைக் கிடத்தி, வாயில் ஊற்றினால் அதே பாலாடை நுரையீரலுக்குள் பால் போக வழி செய்துவிடும். பாத்திரம் ஒன்றுதான், கை வேறு.

இதனால்தான் பகலில் பால் கொடுப்பவரை விட்டுவிட்டு இந்தச் சிகிச்சை நடக்காது என்கிறேன். மூன்று மணிக்கு ஒரு தடவை என்றால் நாளைக்கு எட்டு வேளை, மாதத்துக்கு 240. தெரப்பிஸ்டை மாதம் ஒரு முறை பார்க்கும் குழந்தைக்கு அவர் கண்ணெதிரே நடப்பது அதில் ஒன்றே ஒன்று. 2023 ஜனவரி முதல் மலேசியாவில் தனியார் துறைத் தாய்மார்களுக்கும் பேறுகால விடுப்பு 98 நாள் ஆனது, நல்ல முன்னேற்றம். ஆனால் பல வாரம் முந்திப் பிறந்த குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வருவதற்குள் அந்த 14 வாரத்தில் பெரும்பங்கு கரைந்துவிடும். பயிற்சியை நன்றாகக் கற்ற அம்மா வேலைக்குத் திரும்பும் நேரத்தில், அதைக் கற்காத ஒருவர் கைக்குப் போத்தல் போகிறது.

"எங்க காலத்துல எந்த தெரப்பியும் இல்லை, பிள்ளைங்க வளரலையா?" என்று பாட்டிகள் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். ஆனால் 30 வாரத்தில் பிறந்த குழந்தைகளில் அந்தக் காலத்தில் பிழைத்தவர்கள் மிகக் குறைவு. இன்றைய பாட்டிகளின் கைக்கு வருவது அவர்கள் வளர்த்தறியாத குழந்தை. பழைய காலமும் அப்படி ஒன்றும் பாதுகாப்பாக இருக்கவில்லை. மலாயாவில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், கைக்குழந்தைகளுக்கு இனிப்பு டின்பால் கொடுப்பதைக் கொலைக்குச் சமம் என்று 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் பேச வேண்டியிருந்தது. பாட்டிகளின் அனுபவத்தைத் தள்ளச் சொல்லவில்லை. குழந்தையின் அழுகையில் பசியையும் வலியையும் பிரித்தறியும் காது பலருக்கு அவர்களைப் போல வாய்க்காது. அந்தக் காதுக்குத் தெரிய வேண்டிய புதிய சேதிகள் சில இருக்கின்றன, அவ்வளவுதான்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் மருத்துவத் தரப்பிலிருந்து வருகிறது. புரையேறுவது எப்போதும் இருமலோடு வராது; சத்தமே இல்லாமல் பால் நுரையீரலுக்குள் போகக்கூடும். அதை உறுதிசெய்ய எக்ஸ்ரே போன்ற பரிசோதனை வேண்டும். அப்படியிருக்க வீட்டாரிடம் சிகிச்சையை விடலாமா? விடக் கூடாது. எந்தக் குழந்தைக்கு வாய்வழியே கொடுக்கலாம், யாருக்கு மூக்குக் குழாய் தொடர வேண்டும் என்ற முடிவு ஆஸ்பத்திரியில்தான் இருக்க வேண்டும். ஆனால் ஆபத்து வீட்டில் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. பிள்ளை சீக்கிரம் குடித்து முடிக்கட்டும் என்று ஊசியைச் சூடாக்கிப் போத்தல் ரப்பரின் துளையைப் பெரிதாக்குகிறார்கள். எடை ஏறட்டும் என்று பாலில் தானிய மாவைக் கலக்குகிறார்கள். தூங்கும் குழந்தையின் வாயில் ரப்பரைத் திணிக்கிறார்கள். எல்லாம் அன்பினால்தான். திணறும் குழந்தைக்கு இந்த மூன்றும் கெடுதல் என்று சொல்ல எக்ஸ்ரே வேண்டாம். உதடு நீலம் பாய்ந்தால், ஒவ்வொரு வேளையும் அரை மணியைத் தாண்டினால், குடிக்கும்போது மூச்சு கரகரத்தால் காத்திருக்காமல் காட்ட வேண்டும் என்று கிளினிக் நர்ஸான மிஸியால் சொல்லித்தர முடியும். குழந்தையை எடை போடவும் தடுப்பூசி போடவும் குடும்பம் எப்படியும் அவரிடம்தான் வருகிறது.

சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் ஆஸ்பத்திரி இருக்கிறதே, தூரமா என்பார்கள். கார் இருந்தால் தூரமில்லை. ஆனால் இரவு ஷிப்டு முடித்த அம்மா ஒரு நாள் சம்பளத்தை விட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும்போது, பாட்டியோ வீட்டிலேயே இருந்துவிடுகிறார். போய்க் கேட்டவர் ஒருவர், செய்யப்போகிறவர் இன்னொருவர். நடுவில் மொழியும் மாறுகிறது: மலாயில் கேட்டதை அம்மா தமிழில் சொல்லும்போது "மெதுவா குடுக்கணுமாம்" என்று சுருங்கிவிடும். போத்தலின் அடியை எத்தனை மடக்குக்குப் பிறகு தாழ்த்துவது என்பது அந்த ஒரு சொல்லுக்குள் இல்லை. இதற்குப் புதிய கட்டடமோ கருவியோ வேண்டாம். அடுத்த தேதி குறிக்கும்போதே, பகலில் பால் கொடுப்பவர் யார் என்று கேட்டு, அவரையும் வீட்டில் புழங்கும் அதே போத்தலையும் கொண்டுவரச் சொல்ல வேண்டும். வந்தவர் கையாலேயே ஒரு வேளைப் பாலை முழுதாகக் கொடுக்க வைத்துப் பார்க்க வேண்டும்.